காஸ்பி ஷோ மாப்பிள்ளை கேஷ் கவுண்டர்ல நின்னா உங்களுக்கு என்ன?



2018 ஆகஸ்ட் மாசக் கடைசி. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம், கிளிஃப்டன்னு ஒரு ஊர். அங்கே டிரேடர் ஜோஸ் என்ற சூப்பர் மார்க்கெட். பில்லிங் கவுண்டரில் 57 வயசு மனுஷர் ஒருத்தர் நின்னு சாமானை எடுத்து பையில போட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கார். சட்டையில் கடையோட பேர் பேட்ஜ். வரிசையில நின்ன ஒருத்தருக்கு அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு. உடனே போனை எடுத்து ஒரு போட்டோ. அது பிரிட்டனின் டெய்லி மெயில் இணையதளத்துக்குப் போகுது, அங்கிருந்து ஃபாக்ஸ் நியூஸ் எடுக்குது, ரெண்டே நாளில் உலகம் முழுக்கப் பரவுது. செய்தியோட சாரம் ஒரே வரிதான்: ஒரு காலத்தில் டிவியில் எப்படி இருந்த ஆளு, இப்ப எப்படி ஆயிட்டாரு பாருங்க.

அந்த மனுஷர் பேரு ஜெஃப்ரி ஓவன்ஸ். டிவி நடிகர், மேடை நடிகர், நடிப்பு சொல்லித்தரும் வாத்தியார்.

இந்தக் கதையை நீங்க ஏற்கனவே எங்கேயாவது கேட்டிருக்கலாம். "எந்த வேலையும் கேவலம் இல்லை"ன்னு சோகமான பின்னணி இசையோட நிறைய பேர் வீடியோ போட்டுட்டாங்க. நானும் மூணு வருஷத்துக்கு முன்னாடி இதை ஒரு வீடியோல ஒன்றரை நிமிஷத்துக்குத் தொட்டுட்டுப் போயிட்டேன். இப்ப திரும்பப் பார்த்தா எனக்கே வெட்கமா இருக்கு. ஏன்னா அந்தக் கதையில மோட்டிவேஷன் கொஞ்சம்தான், பணக்கணக்குதான் நிறைய. அதை விட்டுட்டு நான் பின்னணி இசையைத்தான் சேர்த்திருந்தேன்.

அதனால இந்த முறை எழுத்துல. கொஞ்சம் பொறுமையா படிங்க.

யார் இந்த ஆளு?

ஓவன்ஸ் 1961ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா பேரு மேஜர் ஓவன்ஸ். பட்டாளத்து மேஜர் இல்லை, பேரே அதுதான். நூலகரா இருந்து அரசியலுக்கு வந்தவர். 1983ல் இருந்து 2007 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். மகன் படிச்சது யேல் பல்கலைக்கழகத்தில், 1983ல் பட்டம். அதாவது "வழி தெரியாம நடிக்க வந்த பையன்" கதை இல்லை இது. எம்.பி. வீட்டுப் பிள்ளை, உலகத்தின் டாப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் படிச்சவர். நம்ம ஊர்ல இந்த ரெண்டும் இருந்தா கல்யாணத் தரகர் வீட்டு வாசல்லயே படுத்துக்கிடப்பார்.

1985ல் என்.பி.சி. சேனலின் 'தி காஸ்பி ஷோ'வில் சான்ஸ். 1984 முதல் 1992 வரை ஓடின நகைச்சுவைத் தொடர் அது. தொடர்ச்சியா அஞ்சு சீசன் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி. ராமாயணம் ஓடினப்ப ஞாயிற்றுக்கிழமை காலையில தெருவே காலியா இருக்கும்னு உங்க அப்பா அம்மா சொல்லுவாங்க இல்லையா, கிட்டத்தட்ட அந்த அளவு. அதுல மூத்த பொண்ணு சோன்ட்ராவை முதலில் காதலிச்சு, அப்புறம் கட்டிக்கிற எல்வின் பாத்திரம்தான் ஓவன்ஸ். மாப்பிள்ளை ரோல். இருபத்து நாலு வயசுல உள்ள வந்தார், தொடர் முடியும்போது முப்பத்தொண்ணு.

சைடு கேப்ல ஒரு விஷயம். அந்தத் தொடரிலேயே எல்வினும் சோன்ட்ராவும் மருத்துவம், சட்டம் எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு, மலையேற்றம், முகாம் போறவங்களுக்கு சாமான் விக்கிற கடை வைக்கிற மாதிரி ஒரு கதை வரும். மாமனார் டாக்டர், மாமியார் வக்கீல். ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போடும். "இவ்வளவு செலவு பண்ணி படிக்கவெச்சது கடையில நிக்கவா?"ன்னு அவங்க அடிக்கிற கூத்துதான் காமெடி. முப்பது வருஷம் கழிச்சு அந்த நடிகரையே கடையில பார்த்து உலகம் அதே கேள்வியைக் கேட்டுச்சு. இந்தத் தடவை பின்னாடி சிரிப்புச் சத்தம் மட்டும் இல்லை.

தொடர் முடிஞ்ச பிறகு அவர் சும்மா இருக்கலை. ஷேக்ஸ்பியர் மேல அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். புரூக்ளின் ஷேக்ஸ்பியர் கம்பெனின்னு ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல நடிப்புப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சொல்லிக் கொடுத்தார். டிவியில 'எலிமென்டரி', 'லூசிஃபர்', 'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் பிலடெல்பியா' மாதிரி தொடர்களில் ஒரு எபிசோட், ரெண்டு எபிசோட் ரோல்கள். 2013ல் பிராட்வேயில் 'ரோமியோ ஜூலியட்'. ஆர்லாண்டோ புளூம் ரோமியோ, இவர் இளவரசர் எஸ்கலஸ். பிராட்வேன்னா மேடை நடிகனுக்கு அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. ஆனா அந்த நாடகமும் அதே வருஷக் கடைசியில் முடிஞ்சு போச்சு. உச்சிக்கே போனாலும் அது சில மாசத்து கான்ட்ராக்ட் வேலைதான். அடுத்த மாசம் மறுபடி ஆடிஷன் வரிசை.

இதை எழுதும்போது எனக்குத் தோணுது: நீங்களும் நானும் வருஷத்துக்கு ஒரு அப்ரைசலுக்கே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றோம். இவங்க ஒவ்வொரு வேலைக்கும் இன்டர்வியூ போறாங்க. அதுவும் அறுபது வயசு வரைக்கும்.

தூங்கும்போது வந்த பணம், ஒருநாள் நின்னுச்சு

இனிமேதான் நம்ம ஏரியா.

அமெரிக்க நடிகர்களுக்கு 'ரெசிடுவல்'னு ஒரு வருமானம் உண்டு. நடிச்சப்ப ஒரு சம்பளம். அப்புறம் அந்த எபிசோடை மறுபடி ஒளிபரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தொகை. நடிகர் சங்கம் பேரம் பேசி வாங்கிக்கொடுத்த உரிமை இது. ஒளிபரப்பு எண்ணிக்கை கூடக்கூட தொகை குறைஞ்சுக்கிட்டே வரும். ஆனாலும் காஸ்பி ஷோ மாதிரி வருஷக்கணக்கா மறுஒளிபரப்பு ஆகிற தொடர்ல இருந்தா, ஏதோ ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா பக்கா 'பேசிவ் இன்கம்'. 1992ல் முடிஞ்ச வேலைக்கு 2012லயும் காசோலை வருது. கேட்கவே ஆசையா இருக்கு இல்லையா?

2014 கடைசியில் பில் காஸ்பி மேல் பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டு சொன்னாங்க. சேனல்கள் அடுத்தடுத்து அந்தத் தொடரின் மறுஒளிபரப்பை நிறுத்தினாங்க. 2018 ஏப்ரலில் காஸ்பிக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு, 2021ல் மேல் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. அந்த வழக்குக்குள்ள நான் போகலை. அந்தப் பெண்களோட வலிக்கு முன்னாடி மறுஒளிபரப்புப் பணம் எல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆனா கணக்கை மட்டும் பாருங்க. ஓவன்ஸ் ஒரு தப்பும் பண்ணலை. அவரோட நடிப்பு மோசமாகலை. மக்களும் அவரை வெறுக்கலை. அவர் எந்த விதத்திலும் கட்டுப்படுத்த முடியாத ஒரு காரணத்தால, அவர் தூங்கும்போது வந்துக்கிட்டு இருந்த பணத்துல பெரும் பகுதி நின்னு போச்சு. அது தன் வருமானத்தைப் பாதிச்சதா அவரே பேட்டியில் சொல்லியிருக்கார்.

இதைத்தான் நான் அந்தப் பழைய வீடியோவில் சொல்லாம விட்டேன். 'பேசிவ் இன்கம்'னு யூடியூப்ல நாங்க எல்லாரும் கூவுறோம். அது எத்தனை பேர் கையில இருக்குன்னு யாரும் சொல்றதில்லை. ஒரே குழாயில வர்ற தண்ணி, மேல யாரோ ஒருத்தர் வால்வை மூடினா நின்னுடும். எனக்கே உதாரணம் இருக்கு. 2021ல் பி.எஃப். பற்றி ஒரு வீடியோ போட்டேன், ரெண்டு வருஷம் அது மட்டுமே சேனல் வருமானத்துல பாதி. அப்புறம் விதிமுறைகள் மாறுச்சு, வீடியோ பழசாச்சு, அல்காரிதம் கைவிட்டுச்சு. இப்ப அதுல மாசம் வர்ற பணத்துல ஒரு ஃபில்டர் காபி குடிக்கலாம். ரெண்டாவது காபிக்கு நான் கைக்காசு போடணும்.

"நான் சம்பளக்காரன், எனக்கு ரெசிடுவலும் இல்லை ஒண்ணும் இல்லை"ன்னு நினைக்காதீங்க. உங்க சம்பளம் ஒரே கம்பெனியில இருந்து வருது. கம்பெனி கொடுத்த ஷேரும் அதே கம்பெனி. ஓ.எம்.ஆர்.ல நீங்க வேலை பார்க்கிற புராஜெக்ட் ஒரே கிளையன்ட். அந்த கிளையன்ட் கம்பெனியை டெக்சாஸ்ல எவனோ வாங்கினா, சோழிங்கநல்லூர்ல உங்க சீட் ஆடும். உங்க கோடிங் நல்லா இருந்துச்சா இல்லையான்னு யாரும் பார்க்கப் போறதில்லை. மனைவியும் அதே கம்பெனின்னா கேட்கவே வேண்டாம். அது ரெண்டு வருமானம் மாதிரி தெரியும், ஆனா ஒரே குழாயில மாட்டின ரெண்டு பைப்தான்.

ஓவன்ஸ் அந்த நிலைமையில என்ன பண்ணினார்? நடிப்பை விட்டுட்டு வேற தொழிலுக்குப் போகலை. அதுக்காக சான்ஸ் வர்ற வரைக்கும் கடன் வாங்கிச் சாப்பிடுவோம்னும் உட்காரலை. நடிப்புத் தொழிலிலேயே நீடிக்கணும், ஆடிஷன் வந்தா போக முடியணும், அதுவரை வீட்டுச் செலவு ஓடணும். இதுக்குத் தோதா ஷிஃப்ட் மாத்திக்கிற மாதிரி ஒரு வேலை தேடினார். டிரேடர் ஜோஸ்ல சேர்ந்தார். போட்டோ எடுத்தப்ப அங்கே பதினஞ்சு மாசமா வேலை பார்த்துக்கிட்டு இருந்தார்.

இதை விழுந்துட்டார்னு சொல்றவங்களுக்கு கணக்கு தெரியலைன்னுதான் சொல்வேன். கனவுத் தொழிலுக்கு மாசாமாசம் முதலீடு போட்டுக்கிட்டு இருந்த ஒரு மனுஷர் அவர். எஸ்.ஐ.பி. போடுறதுக்கு மியூச்சுவல் ஃபண்ட் ஆப் மட்டும்தான் வழின்னு யார் சொன்னது?

செராக்ஸ் கடை

இந்தக் கதை மேல எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்புன்னு சொல்லணும். இதுவரை சேனல்ல சொன்னதில்லை.

2019 நவம்பர்ல எனக்கு வேலை போச்சு. கம்பெனி பேர் வேண்டாம். டீமையே மூடினாங்க. அப்ப கையில வந்த சம்பளம் 62,000. அதுல கார் இ.எம்.ஐ. 11,400. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின பர்சனல் லோனுக்கு 9,800. குரோம்பேட்டையில வீட்டு வாடகை 13,000. சேமிப்புன்னு இருந்தது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்ப எனக்கு எமர்ஜென்சி ஃபண்ட்ங்கிற வார்த்தையே தெரியாது. இன்னைக்கு நான் உங்களுக்கு கிளாஸ் எடுக்கிறேன்.

எங்க தெரு முனையில ஒரு அண்ணன் செராக்ஸ் கடை வெச்சிருந்தார். பிரின்ட் அவுட், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், புராஜெக்ட் பைண்டிங். விஷயம் தெரிஞ்சதும் அடுத்த வாரமே கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர் பார்க்க ஆள் இல்லை. காலையில ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் இரு. 16,000 தர்றேன். மதியத்துக்கு மேல இன்டர்வியூ போ." யோசிச்சுப் பாருங்க. ஓவன்ஸ் தேடின மாதிரியே, நேரம் வளைஞ்சு கொடுக்கிற வேலை. அது தானா வந்து என் கதவைத் தட்டுச்சு.

நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். உள்ளுக்குள்ள "நான் பி.இ. படிச்சவன், இவர் என்னை என்னன்னு நினைச்சுட்டார்"னு கொதிப்பு.

அஞ்சு மாசம். நடுவுல கொரோனா லாக்டவுன் வேற. சேமிப்பு கரைஞ்சது. கிரெடிட் கார்டுல வாழ ஆரம்பிச்சேன், மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு. கார்டுல நிலுவை 83,000 ஆச்சு. மாசம் மூன்றரை சதவீத வட்டி, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.; ஒரு மாசத்துக்கு வட்டி மட்டும் ஏறக்குறைய 3,400 ரூபாய். இப்ப இந்தக் கணக்கைப் போடுங்க: 16,000 பெருக்கல் அஞ்சு, 80,000. நான் வேண்டாம்னு சொன்ன சம்பளமும் நான் பட்ட கடனும் கிட்டத்தட்ட ஒண்ணு. என் கௌரவத்தோட மொத்த விலை அதுதான். ரசீது இன்னும் வெச்சிருக்கேன், மெயில்ல ஸ்டேட்மென்ட் பி.டி.எஃப்.ஆ.

லாக்டவுன் தளர்ந்ததும் நானே போய் நின்னேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கலை. "மிஷின் பக்கத்துல சேர் போட்டுக்க"ன்னார். அவ்வளவுதான்.

ஒரு மாசம் இருக்கும். என் பழைய டீம் லீடோட மனைவி ஆதார் கார்டு பிரின்ட் எடுக்க வந்தாங்க. எனக்கு அவங்களை நல்லாத் தெரியும், அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன். முகக்கவசம் போட்டிருந்ததால அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியலை. நான் திரும்பி மிஷின் பக்கம் பேப்பர் அடுக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். இருந்த ஒரு ரீம் பேப்பரை மூணு தடவை அடுக்கினேன். பிரின்டை அண்ணன்தான் கொடுத்தார். அவங்க போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு நிமிர முடியலை.

அதனாலதான் சொல்றேன், "எந்த வேலையும் கேவலம் இல்லை"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். அதே பேட்டியில் ஓவன்ஸும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: ஒரு வேலைக்கு சம்பளம் கூட இருக்கலாம், சலுகை கூட இருக்கலாம், ஆனா ஒரு வேலையை விட இன்னொரு வேலை உசத்தின்னு இல்லை. அவர் வாயில வரும்போது அதுக்கு எடை இருக்கு. நம்ம ஊர்ல அதை அப்படியே சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. இங்க வேலைன்னா அது வெறும் வேலை இல்லை. பொண்ணு பார்க்கப் போற வீட்டுல "மாப்பிள்ளை என்ன பண்றார்"னு கேட்கிறாங்க, வாடகைக்கு வீடு கேட்டா ஐ.டி. கார்டு கேட்கிறாங்க. யார் எந்த வேலை செய்யணும்னு தலைமுறை தலைமுறையா பிரிச்சு வெச்ச ஊர் இது. அந்தப் பயத்தை ஒரு வீடியோல போக்கிட முடியாது. எனக்கே போகலை, மிஷின் பின்னாடி குனிஞ்சேன்.

ஆனா ஒண்ணு பண்ணலாம். அந்தப் பயத்துக்கு இ.எம்.ஐ. கட்டாம இருக்கலாம். நான் அஞ்சு மாசம் வேலைக்குப் போகாததுக்கு மனசு மட்டும் காரணம் இல்லை. கார் இருந்தது. 16,000 சம்பளத்துல 11,400 கார் இ.எம்.ஐ. எப்படிக் கட்டுவேன்? "இந்த சம்பளம் எதுக்கும் பத்தாது, அதனால போறதே வேஸ்ட்"னு எனக்கு நானே சொல்லிக்க அந்தக் கார் ரொம்ப வசதியா இருந்துச்சு. மாசச் செலவு அதிகமா இருக்கிறவனால சின்ன வேலை எடுக்க முடியாது. அவனுக்குப் பெரிய வேலை மட்டும்தான் வேணும், அது வர்ற வரைக்கும் கடன்ல இருக்கணும். நீங்க ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் வெச்சிருக்கீங்களான்னு எல்லாரும் கேட்பாங்க, நானும் கேட்பேன். அதோட இன்னொரு கேள்வியும் கேட்டுக்கோங்க: இன்னைக்கு உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கு தர்ற ஒரு வேலை வந்தா, அதை ஏத்துக்கிட்டு உங்க வீடு ஓடுமா? ஓடாதுன்னா, ஓடவிடாம பிடிச்சுக்கிட்டிருக்கிறது எது? வாடகையா, கார் இ.எம்.ஐ.யா, வட்டியில்லா தவணையில எடுத்த போனா, இல்லை மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புற பணமா? வீட்டுக்கு அனுப்புறதைக் குறைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். மத்த மூணும் நீங்களே கையெழுத்துப் போட்டது.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பத்தி ரெண்டு வரி. அமெரிக்க நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்கணும்னா வருஷத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல நடிப்புல சம்பாதிச்சிருக்கணும். 2023ல் அந்த வரம்பு 26,470 டாலர். அந்த வருஷம் ஜூலையில் தொடங்கி 118 நாள் நடந்த நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இது பெரிய பேச்சா இருந்துச்சு, ஏன்னா பெரும்பாலான உறுப்பினர்கள் அந்த வரம்பைத் தொடுறதே இல்லை. ஓ.டி.டி. வந்த பிறகு ரெசிடுவல் தொகை சுருங்கினதும் அந்தப் போராட்டத்தின் முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு. இங்க நீங்க "கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கு ப்ரோ"ன்னு சொல்றீங்க. வேலை போற அன்னைக்கு அதுவும் போகும். உங்க அம்மாவுக்கு சுகர், அப்பாவுக்கு பைபாஸ் ஆன பிறகு தனி பாலிசி எடுக்கப் போனா என்ன பிரீமியம் சொல்வாங்கன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. வேலையில இருக்கும்போதே உங்க பேர்ல தனியா ஒண்ணு எடுங்க. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

போட்டோ வெளிவந்ததும் ஓவன்ஸ் அந்தக் கடை வேலையை விட வேண்டியதாப் போச்சு. இது நிறைய பேர் சொல்லாத பகுதி. ஆளுங்க பார்க்க வர ஆரம்பிச்சா கவுண்டர்ல எப்படி நிற்கிறது? அவருக்கு வீட்டுச் செலவு ஓடின வருமானத்தை அந்த ஒரு போட்டோ காலி பண்ணிடுச்சு. கேலி பண்றதுக்குக் காசு செலவில்லை, ஆனா அது இன்னொருத்தர் பட்ஜெட்ல விழுது.

ஆனா நடிகர்கள் பொங்கி எழுந்தாங்க. நடிப்போட சேர்த்து தாங்க பார்த்த, பார்க்கிற மத்த வேலைகளை ட்விட்டர்ல வரிசையா எழுதினாங்க. டெர்ரி க்ரூஸ், அமெரிக்க கால்பந்து லீக்ல விளையாடி முடிச்ச பிறகு தான் தரை பெருக்கினதைச் சொன்னார். செப்டம்பர் 4ஆம் தேதி 'குட் மார்னிங் அமெரிக்கா' நிகழ்ச்சியில் ஓவன்ஸ் உட்கார்ந்தார். சட்டையில் டிரேடர் ஜோஸ் பேட்ஜ், தலையில் யேல் தொப்பி. சிரிச்ச முகம். முதல்ல வந்த அவமானம் எவ்வளவு வேகமா வந்துச்சோ அதைவிட அன்பும் ஆதரவும் வேகமா வந்ததா சொன்னார். தன்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம்னார். இந்த விவகாரத்தால பரிதாபப்பட்டு யாரும் தனக்கு ரோல் தர வேண்டாம், ஆடிஷனுக்குக் கூப்பிட்டா போதும், தகுதி இருந்தா கொடுங்கன்னு சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது.

டைலர் பெர்ரி தன்னோட 'தி ஹேவ்ஸ் அண்ட் தி ஹேவ் நாட்ஸ்' தொடரில் நடிக்கக் கூப்பிட்டார், ஓவன்ஸ் போனார். "ரோல் சும்மா வேண்டாம்னு சொன்னவர்தானே?"ன்னு சிலர் நக்கல் பண்ணினாங்க. நான் பண்ண மாட்டேன். நீங்களும் ரெஃபரல்ல வந்த வேலையை வேண்டாம்னு சொன்னதில்லையே. உள்ளே போனதுக்கு அப்புறம் நடிக்கிறது அவர்தான்.

ராப் பாடகி நிக்கி மினாஜ் 25,000 டாலர் கொடுத்தார். அதை ஓவன்ஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலை. 1882ல் இருந்து கலைஞர்களுக்கு உதவி செய்யும் ஆக்டர்ஸ் ஃபண்ட் அமைப்புக்குக் கொடுத்துட்டார், காஸ்பி ஷோவில் தாத்தாவா நடிச்ச மூத்த மேடை நடிகர் ஏர்ல் ஹைமன் நினைவா. இந்த இடத்துல ஒரு நிதி ஆலோசகரா நான் என்ன சொல்லணும்? "சார், முதல்ல உங்க எமர்ஜென்சி ஃபண்டை நிரப்புங்க"ன்னு சொல்லணும். எனக்கு வாய் வரலை.

இதோட "அப்புறம் அவர் கோடீஸ்வரர் ஆனார்"னு முடிச்சா நல்லா இருக்கும். அப்படி ஆகலை. சில வருஷம் கழிச்சு கொடுத்த பேட்டியிலும், ஒவ்வொரு நாளும் பிழைப்புக்குப் போராடிக்கிட்டுதான் இருக்கேன், டிவியில தெரியிற முகம்கிறதால பணம் கொட்டிக் கிடக்கும்னு ஜனங்க நினைச்சுக்கிறாங்கன்னுதான் சொன்னார். நடிக்கிறார், சொல்லிக் கொடுக்கிறார், ஆடிஷன் போறார். வைரல் ஆனது ஒரு வாரம். வாடகை மாசாமாசம்.

போன மாசம் குரோம்பேட்டை பக்கம் ஒரு வேலையாப் போனேன். செராக்ஸ் கடை அதே இடத்துல இருக்கு. ஒரு பக்கம் ரெண்டு ரூபாய் ஆக்கிட்டார், புதுசா கலர் மிஷின் வாங்கியிருக்கார், அதுவும் தவணையில. என்னைப் பார்த்ததும், "என்னப்பா, இன்னும் அந்த வீடியோ எல்லாம் போடுறியா, சாப்பாட்டுக்கு வருதா அதுல?"ன்னு கேட்டார். வருதுண்ணேன்னேன். "சரி, சனிக்கிழமை பையன் லீவு. காலேஜ் புராஜெக்ட் சீசன், கூட்டம் அள்ளும். நாலு மணி நேரம் வந்து நிக்கிறியா?"

போய் நின்னேன். ஸ்பைரல் பைண்டிங் எனக்கு இன்னும் கோணலாத்தான் வருது.